ஆய்வக விபத்துகள் யார் காதுக்குப் போகின்றன? உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும் ஐ.சி.எம்.ஆருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உயிரித் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நாட்டில் நான்கு வட்டார வைராலஜி (வைரஸ் ஆராய்ச்சி) நிறுவனங்களும், ஆபத்தான கிருமிகளைக் கையாளும் மூன்றாம் நிலைப் பாதுகாப்பு கொண்ட ஒன்பது பி.எஸ்.எல்-3 ஆய்வகங்களும் அமைக்கப்படும் என்று 2021 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய சுகாதாரக் கட்டமைப்புத் திட்டத்துக்கு மொத்தம் 64,180 கோடி ரூபாய் என்றார்கள். நல்லதுதான். 2018-ல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்தபோது மாதிரிகளை மணிப்பாலுக்கும் புனேவுக்கும் அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தோம். அதற்கும் மேலான, மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையான பி.எஸ்.எல்-4 தரத்தில் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு ஆய்வகம் வந்ததே 2012 டிசம்பரில்தான். ஆகவே புதிய ஆய்வகம் வேண்டாம் என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. அவற்றுக்குள் ஒரு விபத்து நடந்தால் அது யாருக்குத் தெரியவரும், எப்போது தெரியவரும் என்று கேட்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல; லேப் டெக்னீஷியன். சளி, ரத்தம், தொண்டைத் தடவல் என்று பிறர் முகம் சுளிக்கும் பொருள்களோடு காலம் தள்ளியவள். வைரஸின் மரபணுவைப் பற்றி உங்களிடம் வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் குழாயைக் கையில் பிடிப்பவர் யார், கை தவறினால் அவர் என்ன செய்வார், யாரிடம் சொல்வார், யாரிடம் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

கொரோனா வைரஸ் சீனாவின் வூஹான் ஆய்வகத்திலிருந்து கசிந்ததா என்ற விவகாரத்தை முதலிலேயே ஓரமாக வைத்துவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2025 ஜூனில் தந்த அறிக்கையில், கிடைக்கிற சான்றுகள் பெரும்பாலும் விலங்கிலிருந்து பரவியதையே காட்டுகின்றன, ஆனால் சீனா தர வேண்டிய தகவல்களைத் தராததால் ஆய்வகக் கசிவை விலக்கிவிட முடியவில்லை என்றது. அதற்குமேல் அதில் நான் சொல்ல எதுவும் இல்லை. இரண்டு கட்சியும் இன்னும் பத்து வருடம் சண்டை போடட்டும். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் ஆய்வகத்திலிருந்து வெளியேறிய கிருமிகளின் கதைகள் வேண்டிய அளவு இருக்கின்றன. நமக்கு அவை போதும்.

அவற்றில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது சிங்கப்பூரில் 2003 செப்டம்பரில் நடந்தது. சார்ஸ் பரவல் முடிந்துவிட்டது என்று உலகமே மூச்சு விட்டிருந்த நேரம். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போகிறார். அவர் வேலை செய்தது சார்ஸில் அல்ல, வெஸ்ட் நைல் வைரஸில். சோதித்துப் பார்த்தால் சார்ஸ். அவர் கையாண்ட வெஸ்ட் நைல் மாதிரியில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது. அதே ஆய்வகத்தில் இரண்டையும் வைத்து வேலை நடந்திருக்கிறது, எங்கோ ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது. அந்த மாணவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பயன் இல்லை. தன் கையில் என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாதே.

அப்புறம் சிங்கப்பூர் செய்ததுதான் முக்கியம். வெளிநாட்டு நிபுணர்களையும் சேர்த்து ஒரு குழு போட்டார்கள். அந்த மாதமே குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அது பொதுவில் வெளியானது. முறையற்ற ஆய்வக நடைமுறை, மாதிரிக் கலப்பு என்று காரணங்களைப் பூசி மெழுகாமல் சொன்னார்கள். மாணவர் பிழைத்தார். வேறு யாருக்கும் தொற்றவில்லை. சின்ன நாடு, மானம் போகும் என்று மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

ஆனால் பக்கத்து நாடுகள் அந்த அறிக்கையைப் படித்துத் திருந்திவிடவில்லை. டிசம்பரில் தைவானில் ஓர் ஆய்வாளருக்கு ஆய்வகத்திலேயே சார்ஸ் தொற்றியது. அடுத்த வசந்த காலத்தில் பெய்ஜிங்கில் தேசிய வைராலஜி நிலையத்தில் இரண்டு பேருக்குத் தொற்றியது. செயலிழக்கச் செய்துவிட்டதாக நம்பிய வைரஸ் செயலிழக்கவில்லை. செயலிழந்ததா என்று சரியாகச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. அவர்களில் ஒருவர் அன்ஹுய் மாகாணத்திலிருந்து வந்திருந்த மாணவி. அவரைக் கவனித்த செவிலியருக்குத் தொற்றியது. மாணவியின் அம்மாவுக்கும் தொற்றியது. அம்மா இறந்துபோனார். மொத்தம் 9 பேருக்குத் தொற்று. ஆய்வகத்தின் வாசலைக்கூட மிதிக்காத ஒரு பெண்மணி, மகளுக்குப் பணிவிடை செய்ததற்காக உயிரை விட்டார்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து, 1978-ல் பெரியம்மையால் இறந்த ஜேனட் பார்க்கரும் வைரஸ் ஆய்வாளர் அல்ல. மருத்துவக் கல்லூரியில் புகைப்படம் எடுப்பவர். அவர் வேலை பார்த்த அறைக்குக் கீழ்த்தளத்தில் பெரியம்மை ஆய்வகம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே சோமாலியாவில் இயற்கையான கடைசித் தொற்று முடிந்துபோயிருந்தது. உலகத்தைவிட்டுப் போன நோய் ஒரு கட்டடத்தின் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஏறியது. எப்படி ஏறியது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு கிடையாது. காற்றுக் குழாய் வழியாக என்றது விசாரணை அறிக்கை. நீதிமன்றம் பல்கலைக்கழகம் குற்றவாளி அல்ல என்றது. ஆய்வகத் தலைவர் ஹென்றி பெட்சன் தற்கொலை செய்துகொண்டார். பார்க்கரின் தந்தை தனிமைப்படுத்தலில் இருக்கும்போதே மாரடைப்பில் போனார். பெரியம்மையால் உலகில் கடைசியாக இறந்தவர் ஜேனட் பார்க்கர்.

சோவியத்தின் ஸ்வெர்த்லோவ்ஸ்கில் 1979-ல் ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் வெளியேறி அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கெட்டுப்போன இறைச்சி என்று பதிமூன்று வருடம் சாதித்தார்கள். சீனாவின் லான்சூவில் 2019 கோடையில், கால்நடைத் தடுப்பூசி ஆலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியதால், கழிவுக்காற்றோடு, கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா கிருமியும் போனது. 10,528 பேருக்குச் சோதனையில் தொற்று உறுதியானது. இவை இரண்டும் வைரஸ் அல்ல, பாக்டீரியா. ஆனால் கோளாறு ஒரே ஜாதிதான். தேதி முடிந்த பாட்டில், சரிபார்க்காத செயலிழப்பு, இரண்டு வைரஸுக்கும் ஒரே மேசை. சினிமாவில் வருகிற பைத்தியக்கார விஞ்ஞானி இதில் எங்குமே இல்லை.

எங்கள் உலகத்தில் இது எப்படி நடக்கும் என்று ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிக்கொண்டிருந்தபோதே ஒரு சளிமாதிரிக் குழாய் உடைந்தது. காசநோய் சந்தேகத்துக்கு வந்த மாதிரி. உடைந்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். சீராக இரைந்துகொண்டிருக்கும் மெஷின் திடீரென்று தடதடக்கும். அப்போது சுவிட்சை அணைத்துவிட்டு, மூடியைத் தொடாமல் அரைமணி நேரமாவது விட வேண்டும். உள்ளே பறக்கிற நுண்துளிகள் அடங்க வேண்டும் அல்லவா? எங்களுக்கு இது பாலபாடம். ஆனால் அன்று ரிப்போர்ட்டுக்காக வாசலில் ஆள் நின்றார்கள். கூட வேலை பார்த்த தம்பி உடனே திறந்துவிட்டான். முகத்தில் இருந்தது சாதாரண மாஸ்க், என்95 அல்ல. நான் விபத்துப் பதிவேட்டை எடுத்துத் தேதி போட்டேன். மேற்பார்வையாளர் வந்து, "அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கும்மா, இப்பப் போய் இதை எழுதணுமா?" என்று கேட்டு, பதிவேட்டை வாங்கி அலமாரியில் வைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எழுதினால் விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை வரும். தம்பிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கமாட்டார்கள். எழுதாவிட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் வெற்றுப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விபத்தே இல்லை, நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்றார்கள்.

இந்த மனநிலை கீழ்மட்ட ஆய்வகங்களோடு நின்றுவிடும், பி.எஸ்.எல்-3 கதவுக்கு உள்ளே வராது என்று யாராவது நம்பினால், அவர்கள் ஒப்பந்த ஊழியராக ஒரு நாள்கூட இருந்ததில்லை என்று அர்த்தம்.

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் வந்த விதிகள் அபாயகரமான நுண்ணுயிர்களையும் மரபணு மாற்றிய உயிர்களையும் கையாளுவதற்கானவை. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் உயிரியப் பாதுகாப்புக் குழு, மேலே மரபணு மாற்ற ஆய்வுகளை மறுபரிசீலிக்கும் குழு, அதற்கு மேல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் ஒரு குழு, மாநிலத்தில் ஒன்று, மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் ஒன்று. விபத்து நடந்தால் மாவட்டக் குழுவுக்கும் மாநிலக் குழுவுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ஆய்வகத்துக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரத் திட்டம் மாவட்டக் குழுவின் பொறுப்பு. 2017-ல் நீங்கள் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் இருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

இரண்டு இடத்தில் மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஒன்று, மாவட்டக் குழு. எத்தனை மாவட்டங்களில் அது அமைந்திருக்கிறது, கடைசியாக எப்போது கூடியது, அதில் இருக்கும் சுகாதார அதிகாரிக்குத் தன் மாவட்டத்தில் எந்தெந்தக் கிருமி எங்கே ஃப்ரீசரில் இருக்கிறது என்று தெரியுமா? வெள்ளம், புயல், ரசாயன ஆலை விபத்து எல்லாவற்றுக்கும் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கும். இதற்கு இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உறுத்தல் உங்களையே பற்றியது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரபணு மாற்ற ஆய்வுகளைச் சரிபார்க்கும் குழு உயிரித் தொழில்நுட்பத் துறைக்குள் இருக்கிறது. அந்த ஆய்வுகளுக்குப் பணம் கொடுப்பதும் பெரும்பாலும் அதே துறை. புனே வைராலஜி நிறுவனத்தை நடத்துவது ஐ.சி.எம்.ஆர். அதன் மீதான புகாரை விசாரிக்கச் சொன்னால் அதுவும் ஐ.சி.எம்.ஆரிடம்தான் வந்து சேரும். மாமியார் உடைத்தால் மண்சட்டி என்பார்களே, அந்தக் கதைதான். நீங்கள் நேர்மையாகவே நடந்துகொண்டாலும் வெளியே இருப்பவர் நம்புவதற்கு வழி இல்லை.

விமானத் துறையில் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். முன்பு விமானங்களுக்கு உரிமம் கொடுத்த இயக்குநரகமே விபத்தையும் விசாரித்தது. 2012-ல் விசாரணைக்கென்று தனிப் பணியகம் வந்தது. அணுசக்தியில் அதற்கு நேர்மாறு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே 2012-ல் எழுதினார். 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு கோளாறால் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்தச் செய்தி ஊருக்குத் தெரிய மாதக்கணக்காயிற்று. வைரஸ் ஆய்வகங்களுக்கு எந்த வழியை எடுக்கப் போகிறோம் என்பதை அந்த நான்கு புதிய வைராலஜி நிறுவனங்களும் முழுவீச்சில் ஓடத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது.

ஆய்வக விபத்து நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கக் காடுகளில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுநோயை ஆராய்ந்தவர்களுக்கே அது ஆய்வகத்தில் தொற்றியிருக்கிறது. எருமை அம்மை வைரஸ் ஓர் ஆய்வாளருக்குத் தொற்றியதை 2014-ல் மருத்துவ இதழில் கட்டுரையாகவே எழுதினார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் ஒரு விபத்து வெளியே தெரிவது, அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக்க யாராவது மெனக்கெடுவதைப் பொறுத்து இருக்கக் கூடாது.

இனி, உலகம் முழுக்கச் சர்ச்சையாகிற ஒரு வகை ஆராய்ச்சி: வைரஸை மாற்றி, இன்னும் எளிதாகப் பரவும்படியோ இன்னும் கொடியதாகவோ ஆக்கிப் பார்ப்பது. 2011-ல் நெதர்லாந்தில் ரான் ஃபூஷியே குழுவும் அமெரிக்காவில் யோஷிஹிரோ கவாவோகா குழுவும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸை மாற்றி, ஃபெரட் என்ற கீரிபோன்ற விலங்குகளுக்கிடையே காற்றின் வழியே பரவும்படி செய்தார்கள். இயற்கையில் அப்படி நடக்கக்கூடுமா என்று முன்கூட்டியே அறிந்துகொள்வது நோக்கம். முழு விவரத்தையும் வெளியிடாதீர்கள் என்று அமெரிக்க ஆலோசனை வாரியம் அந்த டிசம்பரில் சொன்னது. மார்ச்சில் மனம் மாறியது. 2012-ல் இரண்டு கட்டுரைகளும் வெளிவந்தன. 2014-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வகங்களிலேயே ஆந்த்ராக்ஸ் குளறுபடி, பறவைக் காய்ச்சல் மாதிரிக் கலப்பு, போதாததற்கு வேறொரு வளாகத்தின் குளிர் அறையில் எல்லோரும் மறந்துபோன பெரியம்மைக் குப்பிகள் என்று அடுத்தடுத்து வந்ததும், அந்த அக்டோபரில் இத்தகைய ஆய்வுகளுக்கு நிதியை நிறுத்தினார்கள். 2017-ல் மறுபடி திறந்தார்கள். 2024-ல் புதுக் கொள்கை எழுதினார்கள். அது 2025 மே 6-ல் அமலுக்கு வரவேண்டியது, அதற்கு முந்தைய நாளே ஜனாதிபதியின் ஆணை வந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதச் சொன்னது. இத்தனை பணமும் அறிவும் உள்ள நாடு பத்து வருடத்துக்கு மேலாகத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறது.

என் அபிப்பிராயம் இது. வைரஸ் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த வகையில் சேராது. நோயைக் கண்டறிய, தடுப்பூசி செய்ய, பரவலைக் கண்காணிக்க நடக்கிற வேலைதான் அது. அந்த மாணவர்களை எல்லாம் உயிரியல் ஆயுதம் செய்கிறவர்கள்போலப் பேசுவது அநியாயம். ஆனால் ஒரு வைரஸை இன்னும் எளிதாகப் பரவச் செய்கிற அல்லது இன்னும் கொடியதாக்குகிற சில ஆய்வுகள் இருக்கின்றன. அங்கே அபாயத்தைச் சுமக்கப்போவது ஆய்வாளர் மட்டும் அல்ல. அதனால் அனுமதியும் ஆய்வாளர்களும் நிதி கொடுப்பவரும் மட்டும் பேசி முடிக்கிற விஷயமாக இருக்கக் கூடாது. இந்தியாவில் அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் யார் பார்ப்பார்கள், என்ன காரணம் சொல்லி ஒப்புக்கொள்வார்கள் அல்லது மறுப்பார்கள் என்று பணம் ஒதுக்குவதற்கு முன்பே பொதுவில் இருக்க வேண்டும்.

வெளியே சொன்னால் பீதி கிளம்பும் என்பீர்கள். சொல்லாவிட்டால் என்ன கிளம்பும் என்பதை 2020 பிப்ரவரியில் பார்த்தோம். நாகாலாந்தின் மிமி கிராமத்தில் வௌவால் பிடிப்பவர்களிடமும் வௌவால்களிடமும் 2017-ல் ரத்த மாதிரி எடுத்து, எபோலா குடும்ப வைரஸ்களுக்கான எதிர்ப்பொருள் இருப்பதை 2019-ல் கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். ஆசிரியர் பட்டியலில் வூஹான் வைராலஜி நிறுவனத்தவர் பெயரும், நிதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் இருந்தன. கொரோனா வந்த நேரம், கேட்க வேண்டுமா? அரசு விசாரணை என்று செய்தி வந்தது, வாட்ஸ்அப்பில் கதை கதையாகப் பரவியது. வூஹானுக்கு மாதிரி எதுவும் போகவில்லை என்று ஆய்வை நடத்திய பெங்களூரு நிறுவனம் விளக்கம் சொல்வதற்குள் வதந்தி ஊர் சுற்றிவிட்டது. எந்த ஆய்வு, யார் அனுமதித்தது, மாதிரி எங்கே இருக்கிறது என்று ஒரு பொதுப் பதிவேடு இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு வரியில் முடிந்திருக்கும்.

ரகசியம் காக்க வேண்டியவற்றைக் காத்துக்கொண்டே இதைச் செய்ய முடியும். கனடாவில் மனித நோய்க்கிருமிகள் சட்டத்தின்படி ஆய்வகத்தில் ஊழியர் கிருமிக்கு ஆளானால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆண்டுதோறும் எண்ணிக்கையையும் காரணங்களையும் வெளியிடுகிறார்கள். ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது, சில ஆண்டுகளில் அதைவிடக் கூடுதல். எந்த ஆய்வகம், எந்த ஊழியர் என்று பெயர் போடுவதில்லை. ஊசி குத்தியதா, நடைமுறையைத் தாண்டினார்களா, பயிற்சி போதவில்லையா என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலைப் படித்து வான்கூவரிலோ டொராண்டோவிலோ யாரும் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடவில்லை.

அப்படி ஓர் அமைப்பு இங்கே வேண்டும். அது உங்கள் இரு துறைகளுக்கும் கீழே இருக்கக் கூடாது. விமான விபத்துப் பணியகம்போல இயக்குபவரிடமிருந்தும் நிதி தருபவரிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். அதற்குப் புகார் அனுப்புகிற உரிமை நிறுவனத் தலைவருக்கு மட்டும் இருந்தால் என் பழைய மேற்பார்வையாளரின் அலமாரிதான் மறுபடி நிரம்பும். டெக்னீஷியன், நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் மெஷினை ஓட்டுபவர், விலங்குக் கூடத்தைக் கழுவுபவர், ஏ.சி. ஃபில்டர் மாற்ற வரும் ஏஜென்சிப் பையன் உட்பட எல்லோரும் நேரடியாகச் சொல்ல முடிய வேண்டும், சொன்னதற்காக வேலை போகக் கூடாது. ஆபத்தான கிருமியோடு வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால், அவர் தெருமுனை டாக்டரிடம் போய் பாராசிட்டமால் வாங்குவதற்கு முன் பேசவேண்டிய ஒரு எண் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அந்தக் காய்ச்சல் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. சம்பளம் பிடித்தால் யாரும் காய்ச்சலைச் சொல்லமாட்டார்கள், எந்த உயர்தர ஃபில்டரும் அதைச் சரிக்கட்டாது.

தனி அமைப்புக்குச் சட்டம் வேண்டும், நாடாளுமன்றம் வேண்டும், நேரமாகும். புரிகிறது. ஆனால் 1989 விதிகளின்படி எந்தெந்த மாவட்டத்தில் குழு இருக்கிறது, அதன் தலைவர் யார், தொடர்பு எண் என்ன, கடைசிக் கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது என்று உங்கள் இணையதளத்தில் போடுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். புதிய ஆய்வகங்கள் வரப்போகிற மாவட்டங்களிலிருந்து தொடங்குங்கள். குழுவே இல்லாத மாவட்டத்துக்கு நேரே 'இல்லை' என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஆய்வக நுட்புநர்